தகரச் சுவரில் சந்தனம்

அத்தியாயம் 7

றவூப் பொய் சொல்லவில்லை என்பது கொழும்பு நகரத்திலேயே உஷாந்தி ஒருத்திக்குத்தான் தெரியும். ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவள் இடியப்பம் சாப்பிட்டாள், பஸ் ஏறினாள், பகிடி விட்டுச் சிரிக்கவைத்தாள், படுத்தாள். நித்திரை மட்டும் அவள் சொல்லுக் கேட்கவில்லை.

இப்போது அதே றவூப்புக்கு முன்னால், கொட்டாஞ்சேனையில் அவருடைய பட்டறைக்குள், கால் ஆடும் ஸ்டூல் ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய முதலாளி முத்துலிங்கம் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். காப்புறுதிக் கம்பனிகளுக்காக விபத்துகளைத் துப்பறிவது அவர் தொழில். வெள்ளவத்தையில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். அவர், படம் எடுக்கவும் ரைப் செய்யவும் உஷாந்தி, ஒரு மேசை விசிறி. நிறுவனம் அவ்வளவுதான்.

"படத்தில பாக்காதீங்க சேர். கையில எடுத்துப் பாருங்க" என்று றவூப் பழைய பேப்பரைப் பிரித்து ஒரு வெண்கலத் துண்டை மேசையில் வைத்தார்.

அதைப் பார்க்கச் சொல்லி அவர் கேட்டதால்தான் வந்திருந்தார்கள். 'டொறதி' என்பது அறுபது வருடப் பழைய தேக்குமர மோட்டார் படகு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் மனைவியின் பெயரை வைத்துக் கட்டுவித்தது. இன்றைக்கு அதன் சொந்தக்காரர் வெள்ளவத்தை தில்லைநாதன். எஞ்சினிலிருந்து படகின் அடிப்பக்கமாக வெளியே வரும் நீண்ட இரும்புத் தண்டைத்தான் ஷாஃப்ட் என்பார்கள். அதன் நுனியில் புரொப்பெல்லர். தண்டு ஆடாமல் அசையாமல் சுழல, படகின் அடியிலிருந்து இரண்டு கைகள் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கைகள்தான் பிராக்கெட். டொறதியின் பழைய பிராக்கெட் இரண்டும் உப்புத் தின்று உளுத்துப்போனதால், புதிதாக வார்த்துப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தவர் றவூப்.

பூட்டி இரண்டாம் நாள், களனி ஆறு கடலில் விழும் இடத்தில், பிராக்கெட் ஒன்று பலகையோடு பிய்ந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. டொறதி சரிந்தாள். கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த தில்லைநாதனின் மகன் கார்த்திகனின் காலில் எஞ்சின் பெட்டி மூடி விழுந்து, கால் இரண்டாக முறிந்தது.

'பூட்டியவரின் கவனயீனம்' என்று முத்துலிங்கம் அறிக்கை எழுதினார். எழுதிய அன்றே, அவர் வேலை செய்துவந்த ஹெந்தளைப் படகுக் கொட்டகையில் றவூப்புக்குக் கதவு பூட்டப்பட்டது. வருகிற திங்கட்கிழமை காப்புறுதிக் கம்பனியில் விசாரணை. அங்கே அந்த அறிக்கை அப்படியே நின்றால், பிறகு பொலிஸ், கோர்ட் என்று போகும். முப்பது வருடம் சுத்தியலால் அடித்து அடித்து றவூப் உண்டாக்கிய பெயர் ஒரே தாளில் முடிந்துவிடும்.

இன்று சனிக்கிழமை.

"உஷாந்தி, உனக்கு இதில என்ன தெரியுது?" என்று முத்துலிங்கம் கேட்டார்.

மேசையில் கிடந்தது பிய்ந்து வந்த அந்தப் பிராக்கெட். அதன் வட்டத் துவாரத்துக்குள் றப்பர் புஷ் ஒன்று இருந்தது. தண்டு உள்ளே சுழலும் இடம். கருகிக் கண்ணாடிபோலப் பளபளத்தது.

"கரி சேர். எங்கட அம்மா சம்பலுக்குச் சுடுற கத்தரிக்காய் மாதிரி."

"எந்தப் பக்கம் கரி?"

அவள் திருப்பிப் பார்த்தாள். "சுத்திவர."

"உன்ர படத்தில ஒரு பக்கம்தானே இருக்குது?"

"கமராவுக்கு ஒரு கண்தான் சேர். அதுக்கு முதுகும் தெரிய வேணுமெண்டா வேற கமரா வாங்கித் தரோணும்."

முத்துலிங்கம் சிரிக்கவில்லை. ஒரு கச்சானை வாயில் போட்டார். ஒரு உண்மை கிடைத்தால் ஒரு கச்சான். அது அவர் வழக்கம். "கோணி நடக்கிறவன்ர செருப்பு ஒரு பக்கம்தான் தேயும். பிராக்கெட்டைக் கோணலாப் பூட்டியிருந்தா, றப்பரும் ஒரு பக்கம்தான் எரிஞ்சிருக்கும். இது மோதிரம் மாதிரி முழு வட்டமா எரிஞ்சிருக்கு."

"அதத்தானே சேர் ஆறு கிழமையா நான் சொல்ற!" றவூப்பின் குரல் உடைந்தது. "நேராத்தான் பூட்டின. இந்த றப்பருக்கு எண்ணெயும் இல்ல, கிறீசும் இல்ல. தண்ணிதான் எண்ணெய். தண்ணிக்குள்ள சுத்தினா பத்து வருஷம் ஓடும். தண்ணி இல்லாம சுத்தினா பத்து நிமிஷம் தாங்காது. எரிஞ்ச றப்பர் ஷாஃப்ட்ட இறுக்கிப் புடிச்சா, பிறகு ஓடக்குள்ள பிராக்கெட்டயே பிச்சி எடுத்திடும்."

"ஆத்துக்குள்ள தண்ணி இல்லாமல் போச்சுதோ நானா?" என்று, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில், கேட்டாள் உஷாந்தி. "எங்கட வீட்டுக் குழாயில எண்டா நம்புவன்."

"ஆத்தில இல்லை எண்டா, தரையில" என்றார் முத்துலிங்கம். "படகு தரையில நிக்கேக்க ஆரோ எஞ்சினை ஓட்டியிருக்கினம். றவூப், நீங்கள் வேலை முடிச்ச வெள்ளிக்கிழமை என்ன நடந்தது? திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

"சொன்னதுதான் சேர். பன்னண்டு மணி வரைக்கும் வேல செஞ்ச. புரொப்பெல்லர் நட்ட முடுக்கிட்டு, ஒண்டையும் தொட வேணாம் எண்டு தில்லைநாதன் ஐயாக்கிட்ட சொல்லிட்டு ஜும்மாத் தொழப் போன. அவங்க ரெண்டு பேரும்தான் நிண்ட, அவரும் அவர்ட வீட்டம்மாவும். திரும்பி வரக்குள்ள படகுக்குப் பூச முடிஞ்சி ஈந்த. அம்மா எல்லாம் கூட்டி வெச்சி ஈந்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, உஷாந்தியைப் பாராமல் சொன்னார்: "ஷாஃப்ட்டில வெள்ள நூல் ஒண்டு சுத்தி ஈந்த. பிராக்கெட்டுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில. பூ இதழும் ஒட்டி ஈந்த. பூச நூல் எண்டு நினைச்ச. மத்தவங்க சாமிக்குக் கட்டினத நான் எப்பிடி அறுக்கிற? கை வெக்கல்ல."

"படத்தில நூல் இல்லை றவூப்." முத்துலிங்கம் மெதுவாகத்தான் சொன்னார். "மிகக் கிட்ட வைச்சு எடுத்த படம். தண்டு வழுவழு எண்டு கிடக்கு. நீங்கள் அதைச் சொன்னபடியால்தான் மற்றதையும் நான் நம்பேல்லை."

"ஈந்த சேர்" என்றார் றவூப். இருந்தது என்று, திரும்பவும் அதே சொல். "ஈந்த."

உஷாந்தி ஸ்டூலின் ஆடும் காலைப் பார்த்தாள்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு கலியாணப் படக்காரரிடம் இருந்தவள். மணப்பெண்ணின் தோளில் ஒரு நூல் கிடந்தால் தட்டிவிட்டுத்தான் படம் எடுப்பாள். அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை. ஆற்றங்கரைச் சேற்றில் டொறதியை இழுத்துப் போட்டிருந்த அன்றைக்கு, தண்டைச் சுற்றி இறுகிக் கிடந்த ஊத்தை வளையத்தைக் கண்டாள். நகவெட்டியால் கிளப்பிக் கழற்றினாள். படம் வடிவாக வரவேண்டும் அல்லவா? வடிவாகத்தான் வந்தது. பக்கத்தில் குப்பைவாளி இல்லாததால் வளையத்தைக் கைப்பைக்குள் போட்டாள். 'தண்டில் அந்நியப் பொருள் எதுவும் சுற்றியிருக்கவில்லை' என்று முத்துலிங்கம் சொல்லச் சொல்ல அந்த வரியை ரைப் செய்தவளும் அவள்தான். றவூப் சொன்ன நூல் அதுதான் என்று விளங்கி, அந்த இடத்தில் விரல் நின்றது. வாயைத் திறந்திருக்கலாம். முதல் மாதச் சம்பளம்கூட இன்னும் வரவில்லை, புது வேலை, சேர் என்ன நினைப்பாரோ என்று பேசாமல் முற்றுப்புள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ குப்பைவாளிகளைக் கடந்தும் வளையத்தை எறிய அவளால் முடியவில்லை.

"அந்த எஞ்சினை ஆர் வேணுமெண்டாலும் ஸ்டார்ட் பண்ணலாமோ?" என்று முத்துலிங்கம் எழும்பிக்கொண்டே கேட்டார்.

"சின்னப் புள்ளயும் செய்யலாம் சேர். சாவியத் திருப்பி, சோக் எண்ட புடிய இழுத்துப் புடிச்சிக்கொண்டே நிக்கோணும். கைய எடுத்தா நிண்டிடும். கெழட்டு எஞ்சின், கையப் புடிச்சாத்தான் நடக்கும்."

"எங்கட சேர் மாதிரி" என்றாள் உஷாந்தி.

றவூப் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

*

ஹெந்தளைக் கொட்டகை கால்வாய்க் கரையில், நான்கு பக்கமும் தகரம் அடித்த நீண்ட கூடாரம். காவலாளி 'யன்ன யன்ன' என்று சிங்களத்தில் உள்ளே போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டுத் தன் ரேடியோவுக்குத் திரும்பினான். உள்ளே டொறதி நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அவளைத் தாங்கிய மரக்குற்றிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

முத்துலிங்கம் குடையால் நிலத்தை அளந்தார். "முன் பக்கம் வாசலைப் பாத்து நிண்டிருக்கு. பூசையும் வாசல் பக்கம்தான். பார், கற்பூரம் எரிச்ச கறுப்பு இஞ்ச. தேங்காய் உடைச்ச கல்லும் இஞ்ச. பின்பக்கம் அங்க, மூலையில. இஞ்ச நிக்கிற ஆளுக்குப் புரொப்பெல்லர் தெரியாது."

"டொறதி வெள்ளைக்காரி சேர். அவவுக்கே பொட்டு வைச்சுத் தேங்காய் உடைச்சிருக்கினம். கிறிஸ்மஸுக்குக் கேக்கும் வெட்டினவையோ தெரியாது."

சொல்லிக்கொண்டே பின் மூலைக்குப் போனவள் நின்றுவிட்டாள்.

பக்கத்துத் தகரச் சுவரில் ஒரு கோடு இருந்தது. நிலத்திலிருந்து தொடங்கி நெட்டாக மேலேறிக் கூரை வரை. கிட்டப் போனால் அது கோடு அல்ல. மஞ்சள் புள்ளிகள். இடையிடையே சிவப்பு. உள்ளங்கை அகலத்துக்குள் அத்தனையும்.

"சேர், இஞ்ச வாங்கோ."

முத்துலிங்கம் வந்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றினார். ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டி மணந்தார். "சந்தனம். குங்குமம்."

"ஆரோ தெளிச்சு விளையாடியிருக்கினம்."

"கையால தெளிச்சா அங்க இஞ்ச பரவி விழும். இது ஏன் நூல் பிடிச்ச மாதிரி ஒரு கோட்டில ஏறுது?"

உஷாந்தி கோட்டைப் பார்த்தாள். பிறகு மரக்குற்றிகளைப் பார்த்தாள். கடைசிக் குற்றிக்குச் சற்றுப் பின்னால், சரியாக அந்தக் கோட்டுக்கு நேரே, புரொப்பெல்லர் தொங்கியிருக்கும் இடம். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை ஒன்று அவள் நினைவுக்கு வந்தது.

"மட்கார்ட் இல்லாத சைக்கிளில மழைக்குள்ள போனா முதுகில சேறு ஒரு கோடா ஏறும்" என்றாள் மெல்ல. "சில்லு சுத்தினா அப்பிடித்தான்."

"சந்தனம் தானாப் பறக்காது பிள்ளை. புரொப்பெல்லர் இதழ் மூண்டிலயும் பொட்டு வைச்சிருக்கினம். ஈரம் காயமுன்னம் அது சுத்தியிருக்கு. இஞ்ச, இந்தத் தரையில." ஒரு கச்சான் உள்ளே போனது. "வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்ப?"

"பத்தரையில இருந்து பன்னிரண்டு."

"பன்னிரண்டு தாண்டினா நல்ல நேரம். றவூப் தொழப் போறதும் பன்னிரண்டு தாண்டித்தான். அவர் வருமட்டும் காத்திருந்தா நேரம் போயிடும். போன் எடுத்தா தொழுகையில இருக்கிற மனுசனைக் குழப்பினதா முடியும். மரியாதைக்கு எடுக்காமல் விட்டிருப்பினம். திரும்பி வந்த மனுசன் நூலைக் கண்டும் மரியாதைக்குக் கேட்காமல் விட்டிட்டார்."

"றப்பர் எரிஞ்ச மணம்?"

"சாம்பிராணிப் புகைக்குள்ள ஆருக்கு மணக்கும்?"

ஆளுக்காள் காட்டிய மரியாதையில் ஒரு படகு தண்ணீரில் தாழ்ந்துபோயிருக்கிறது. உஷாந்தி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தண்டில் கிடந்த அந்த நூல் வளையம் எதிலிருந்து வந்ததென்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. புரொப்பெல்லருக்குப் போட்ட பூமாலையின் நூல்.

முத்துலிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு கால்வாயைப் பார்த்தார். "ஆனா இது மட்டும் காணாது. இந்தச் சுவரை ஒரு வாளித் தண்ணியால கழுவலாம். தண்டு தரையில சுத்தினதுக்குத் தண்டில இருந்தே ஒரு சாட்சி வேணும். அந்த மனுசன் சொன்ன நூல் மட்டும் உண்மையா இருந்திருந்தா..."

கைப்பையின் உள் ஸிப்பில் அவள் விரல் போய் நின்றது. சொல்லு, சொல்லிவிடு. வாயைத் திறந்தாள்.

"தில்லைநாதன் அங்கிள் வீட்டில நல்ல தேத்தண்ணி தருவினம் சேர். போவம்."

வாயில் வந்தது அதுதான்.

*

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசும் வீடு. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் நீட்டி வைத்த ஒரு காலும், அதன் பக்கத்தில் சாய்த்து வைத்த இரண்டு ஊன்றுகோல்களும் தெரிந்தன.

கப்பல் கம்பனியில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர் தில்லைநாதன். உட்காரும்போதுகூட நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். குசினிக்குள் அவர் மனைவி கனகேஸ்வரி கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

முத்துலிங்கம் சுவரைப் பற்றிச் சொல்லி முடித்ததும் தில்லைநாதன் கால்மேல் கால் போட்டார்.

"சந்தனம் எண்டா சிந்தும்தானே? இதுக்கோ வெய்யிலுக்குள்ள வந்தனீங்கள்?"

"தரையில எஞ்சின் ஓடினதோ இல்லையோ?"

"இல்லை."

"உறுதியா?"

"மிஸ்டர் முத்துலிங்கம், ஆறு கிழமைக்கு முன்னம் நீங்களே எழுதித் தந்த அறிக்கை இது." மேசைக்குக் கீழிருந்து அதை எடுத்து விரித்தார். முதற் பக்கத்தில் உஷாந்தி எடுத்த தண்டின் படம், பளிச்சென்று. "நூல் கட்டியிருந்தது எண்டு அந்த மனுசன் புளுகினவர். உங்கட பிள்ளை எடுத்த படமே அவரைக் காட்டிக் குடுத்திட்டுது. இதைவிட வடிவா ஆரும் படம் எடுக்கேலாது. இப்ப அந்தப் புளுகனுக்காக என்ர வீட்டுக்கு வந்து..."

"அங்கிள்" என்றாள் உஷாந்தி.

இருவரும் திரும்பினார்கள். அவள் கைப்பையைத் திறந்தாள். ஸிப் ஒருமுறை சிக்கியது, பிறகு திறந்தது. டிஷ்யூவில் சுற்றியிருந்ததை அறிக்கையின்மேல், தன் படத்தின்மேலேயே வைத்துப் பிரித்தாள்.

ஒரு சிறு வளையம். வெள்ளை நைலோன் நூல் பல சுற்றுச் சுற்றி, உருகி ஒன்றாக ஒட்டிக் கல்லுப்போல இறுகியிருந்தது. உருகிய நூலுக்குள் செவ்வந்தி இதழ் ஒன்று கறுத்துப்போய் அகப்பட்டிருந்தது.

"புளுகினது அவர் இல்லை. படம்தான். எடுக்க முன்னம் இதை நான் கழட்டினனான். ஊத்தையெண்டு நினைச்சன். பிறகு தெரிஞ்சும் சொல்லேல்லை."

முத்துலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. வளையத்தைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். மற்றக் கையிலிருந்த கச்சான் சுருளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"என்ர கையெழுத்துக்குக் கீழ இதை ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு வளையத்தை அறிக்கைமேல் திரும்ப வைத்து, தில்லைநாதன் பக்கம் திரும்பினார். குரல் மாறவில்லை. "நைலோன் தண்ணிக்குள்ள உருகாது. கப்பல் கம்பனியில இருந்த உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை."

ரயில் ஒன்று போனது. கோப்பைகள் கலகலத்து ஓயும்வரை தில்லைநாதன் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது.

"நான்தான்" என்றார் தாழ்ந்த குரலில். "நல்ல நேரத்துக்குள்ள எஞ்சின் சத்தம் கேக்கோணும் எண்டு நினைச்சன். ஒரு தேவாரம் பாடி முடியுமட்டும்தான் ஓடினது. ஐஞ்சு நிமிஷம் வரும். ஆனா சத்தியமா கியர் போடேல்லை. தண்டு சுத்தினதே எனக்குத் தெரியாது. மகன்ர காலுக்குப் பிறகு, றப்பர் எரிஞ்சது எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்துத்தான் விளங்கினது. அப்பவே சொல்லியிருக்கோணும்."

"ஏன் சொல்லேல்லை?"

அவர் கண் ஒருமுறை குசினிப் பக்கம் போய் வந்தது.

அந்தப் பார்வையை முத்துலிங்கம் தவறவிட்டார். உஷாந்தி தவறவிடவில்லை. ஒன்றை ஒளித்து வைத்திருப்பவரின் கண் எப்படிப் போய்வரும் என்று ஆறு கிழமையாக அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"தேவாரம் ஆர் அங்கிள் பாடினது?"

"நான்தான். வேற ஆர்?"

"எங்க நிண்டு?"

"முன்னால. நிலத்தில, கும்பத்துக்குப் பக்கத்தில."

"சோக்கைப் பிடிச்சுக்கொண்டே நிக்கோணுமாம். கை எடுத்தா எஞ்சின் நிண்டிடுமாம். நீங்கள் கீழ நிண்டு பாடேக்க, மேல ஆற்ற கை?"

தில்லைநாதன் அவசரமாக எழும்பப் பார்த்தார்.

"என்ர கைதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. பெருமையாகவே சொன்னது.

கனகேஸ்வரி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றார். நெற்றியில் பெரிய பொட்டு, முகத்தில் வீட்டுக்கு ஆள் வந்த சந்தோசம். "முதல் சாவி வீட்டுப் பொம்பிளை கையாலதானே திருப்பிறது? வேன் வாங்கேக்கையும் நான்தான். இவர் பாடி முடியுமட்டும் அந்த நொப்புப் பிடியை இழுத்துப் பிடிச்சு எனக்குக் கையும் நொந்துபோச்சு. ஏன், அதுக்கென்ன?"

தில்லைநாதன் கையால் மறித்தார்.

"கனகேஸ், நீ உள்ள போ."

"ஏன் உள்ள போறது?" தட்டை மேசையில் வைக்கக் குனிந்தவர் வளையத்தைக் கண்டார். "இது நான் கோத்த மாலையின்ர நூலெல்லோ? அறாமல் இருக்கோணும் எண்டு நைலோனில கோத்தனான். முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு அந்தப் பூ மாதிரி இருக்கிற சாமானுக்கு ஒண்டு. பிறகு பாத்தா பின்னுக்குப் போட்டது பிஞ்சு கொட்டிக் கிடந்தது. நாய் ஏதும் இழுத்திட்டுதாக்கும் எண்டு கூட்டி அள்ளினனான். ஏன் இப்பிடி எரிஞ்சு கிடக்கு?"

கேட்டுவிட்டு அவர் கணவனின் முகத்தைப் பார்த்தார். அறிக்கையைப் பார்த்தார். கடைசியாக உள்ளறையில் நீண்டு கிடந்த காலைப் பார்த்தார். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"அப்ப, பிள்ளையின்ர கால்..."

"இல்லை. என்ர பிழை" என்று தில்லைநாதன் எழும்பினார். "தொட வேண்டாம் எண்டு றவூப் சொல்லிட்டுப் போனது எனக்கு. உன்னட்டச் சாவியைத் தந்தது நான். நீ என்ன கண்டனி?"

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

அவர் அறிக்கையில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"ஆறு கிழமை" என்றார் கனகேஸ்வரி. கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தேக்க, என்ர பிள்ளையை முடமாக்கினவன் நல்லா இருக்கக்கூடாது எண்டு அந்த மனுசனைத் திட்டித் திட்டித்தான் கும்பிட்டனான். நீங்கள் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

தில்லைநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அந்த அம்மாவின் வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. அதை அவர் பிறத்தியாருடைய கையைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே கையை உஷாந்தியிடம் நீட்டினார்.

"பிள்ளை, அந்தத் தம்பியின்ர நம்பர் இருக்கோ? எடுத்துத் தாரும்."

"திங்கட்கிழமை நாங்களே சொல்லுவம் அன்ரி..."

"திட்டினது நான். நான்தான் சொல்லோணும். எடும்."

உஷாந்தி எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். நான்கு தரம் மணி அடித்தது. இரும்பில் சுத்தியல் விழும் சத்தத்துக்கு நடுவே, "யாரு?" என்றார் றவூப்.

"தம்பி, நான் கனகேஸ்வரி. டொறதி வீட்டு அம்மா. நீங்கள் பள்ளிக்குத் தொழப் போன நேரம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினது நான். நான்தான் தம்பி. தெரியாமல் செய்திட்டன். உங்களைப் பேசாத பேச்செல்லாம் பேசியிட்டன்."

சுத்தியல் நின்றது.

"அழாதீங்கம்மா" என்றது றவூப்பின் குரல். "நீங்க கியர்ல கை வெச்சீங்களா?"

"இல்லை. சாவியும் அந்த நொப்பும்தான்."

"தெரியும். கியர்ல விட்டுட்டுப் போனது நான். நட்டு முடுக்கக்குள்ள ஷாஃப்ட் சுத்தாம ஈக்க கியர்ல போடுற. அண்டைக்கு அத எடுக்காம, தொழுகைக்குப் பாங்கு சொல்லுது எண்டு ஓடிப் போன. நியூட்ரல்ல ஈந்தா எஞ்சின் மட்டும்தான் ஓடியிருக்கும், ஒண்டும் நடந்திருக்காது. யாரோ ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க எண்டு எனக்கு அந்த றப்பரப் பாத்த நாளே சந்தேகம். ஆனா அதச் சொன்னா கியரயும் சொல்லோணுமே. சேர்கிட்டயும் சொல்லல்ல. உங்களுக்குத் திட்டோணுமெண்டா, கொஞ்சம் எனக்கும் வையுங்க."

முத்துலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். கச்சான் சுருள் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

"ஆனா ஒண்டும்மா" என்றார் றவூப். "பூட்டினதில பிழ இல்ல. நூலும் ஈந்த. அதுல மட்டும் நான் பொய் சொல்லல்ல. அந்தப் படமெடுத்த புள்ள அங்க ஈக்கா?"

மேசையிலிருந்த போனை முத்துலிங்கம் ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

பயம் வந்தால் அவளுக்குப் பகிடி வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உஷாந்தி காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"இருக்கிறன் நானா" என்றாள். "நூல் இருந்தது. எடுத்தது நான்தான்."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "திங்கக்கிழம அத எல்லாருக்கும் முன்னால உங்கட வாயால சொல்லுவீங்களா?"

"சொல்லுவன்."

"வேல போகுமே புள்ள?"

அவள் முத்துலிங்கத்தைப் பார்த்தாள். அவர் அறிக்கையின் கடைசித் தாளைப் புரட்டினார். மழையென்றும் முழங்கால் நோவென்றும் சொல்லி ஆற்றங்கரைக்கே போகாமல், படத்தை மட்டும் பார்த்துப் போட்ட தன் கையெழுத்தின் குறுக்கே பேனையால் ஒரு கோடு கீறினார். பிறகு தாளைத் திருப்பி அதன் வெறும் முதுகை அவளுக்கு முன்னால் வைத்து, பேனையை நீட்டினார்.

"முதல்ல இருந்து எழுது" என்றார். "நூலில இருந்து."